‘அரிய பறவை’ செய்திகளை எப்படி வாசிப்பது?

மாசி, பங்குனி வந்தால் கோவைச் செய்திகளில் ஒரு வகைத் தலைப்பு தவறாமல் வரும். உக்கடம் பெரியகுளத்துக்கோ சிங்காநல்லூர் குளத்துக்கோ ‘அரிய வெளிநாட்டுப் பறவை வந்தது’ என்று. கூடவே ஒரு நல்ல புகைப்படம். கடைசி வரியில், குளம் நன்றாக இருப்பதற்கு இதுவே சாட்சி என்கிற மாதிரி ஒரு முடிவு. இந்தச் செய்திகளைப் பார்த்துத்தான் பல பிள்ளைகள் முதல்முறையாகக் குளக்கரைக்கு வருகிறார்கள். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலைப்பில் இருக்கிற மூன்று சொற்களும் எனக்கு உறுத்துகின்றன: வந்தது, வெளிநாட்டு, அரிய.

முதலில் ‘வந்தது’. வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை நம்ம ஊருக்கு வந்து சேர்வது ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பருக்குள். மார்ச், ஏப்ரலில் நடப்பது புறப்பாடு. ‘வசந்தகால வருகை’ என்பது வடக்கு நாட்டுக்காரர்களின் கணக்கு. அங்கே அது வரவு, நமக்குச் செலவு. ஒன்று மட்டும் உண்மை: கேரளத்திலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்தவை திரும்பிப் போகிற வழியில் இங்கே ஓரிரு நாள் இறங்கும். அதனால் இந்தச் சமயத்தில் புது முகங்கள் தெரியத்தான் செய்யும். அவை இங்கே தங்க வரவில்லை, பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க இறங்குகின்றன. ‘வந்தது’ என்று எழுதினால், அது எதற்காக இறங்கியது, போதுமான இரை கிடைத்ததா என்கிற கேள்விகளே எழாமல் போய்விடுகின்றன.

அடுத்தது ‘வெளிநாட்டு’. பொறி உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை உள்ள சதுப்புகளில் குஞ்சு பொரிக்கிறது. அந்த வேலைக்கு அங்கே சில மாதங்கள்தான். நம்ம வயலிலும் குளத்திலும் அதைவிட அதிக நாள் இருக்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் இங்கே வாழ்கிற ஒன்றை விருந்தாளி என்றால், அதன் இடத்துக்குப் பொறுப்பு யார்? இன்னொரு பக்கம், கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் ‘சைபீரியாவுல இருந்து வந்ததுங்க’ என்று குளக்கரையில் விளக்குகிறவர்கள் இன்றும் உண்டு. அவை இரண்டும் தென்னிந்தியாவிலேயே கூடு கட்டுகிற பறவைகள். உள்ளூர்க்காரரை அயலார் ஆக்குகிறோம், பாதி வருடம் குடியிருப்பவரை விருந்தாளி ஆக்குகிறோம்.

மூன்றாவது சொல் ‘அரிய’. இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஓர் ஏப்ரல் காலையில் குளத்தின் மேல் தாழப் பறந்த ஆலாக்களில் ஒன்றுக்கு அடிவயிறு கறுப்பாக இருந்தது. குளிர்காலம் முழுக்க அங்கே அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இந்தப் பகுதியில் எப்போதாவது மட்டும் தென்படுகிற வெண்சிறகு ஆலா என்று இ-பேர்ட் தளத்தில் பதிவிட்டேன். அந்தத் தளத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. எதிர்பாராத இனமோ எண்ணிக்கையோ வந்தால் அது ஆதாரம் கேட்கும். பிறகு ஒரு தன்னார்வலர் பதிவைப் பரிசீலிப்பார். எனக்கு வந்தது ஒரே கேள்வி: கன்னம் வெள்ளையா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுந்தொப்பிக்கும் கறுத்த வயிற்றுக்கும் நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. அது மீசை ஆலா. ஐப்பசியிலிருந்து தினம் பார்த்த அதே பறவை, இனப்பெருக்க காலச் சிறகுக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். பிறகு பரிசலில் மீன் பிடிக்கிற ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “அது இங்கயே சுத்தற குருவிதானுங்க. பங்குனி பொறந்தா கறுத்துப் போயிருமுங்க.”

அன்றைக்குத்தான் புரிந்தது, ‘அரிய’ என்ற சொல்லுக்குள் வெவ்வேறு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. உலக அளவில் அழியும் ஆபத்தில் இருப்பது ஒன்று. காஷ்மீர் ஈப்பிடிப்பான் அந்த வகை, ஆனால் குளிர்காலத்தில் ஊட்டியில் தேடிப் போனால் பார்க்கலாம். வேறெங்கோ ஏராளமாக இருந்து, வழிதவறி இங்கே இறங்குவது இன்னொன்று. மூன்றாவது, கண்ணில் படாமல் வாழ்வது. ஆறுமணிக்குருவி அப்படி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, தெற்கே வந்து புதர்களுக்கு அடியில் சருகைக் கிளறிக்கொண்டு இருக்கும். இரவில் பறந்த களைப்பில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் விழுந்தால் மறுநாள் அது ‘அரிய பறவை’. பறவை அரிதல்ல, நாம் அதைப் பார்ப்பதுதான் அரிது. என் ஆலாவைப் போலச் சரியாகப் பார்க்காததால் அரிதானவையும் உண்டு.

சொல்லில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, குளம் நன்றாக இருப்பதற்குச் சாட்சி என்பது, அங்கேதான் சிக்கல். வழிதவறி இறங்கிய ஒற்றைப் பறவை குளத்தின் நலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அதைச் சொல்வது கொசு உள்ளான் மாதிரியான சாதாரணப் பறவைகள். ஒரு சாண்கூட இல்லாத இந்தச் சிறிய பறவை ஆர்க்டிக் சமவெளிவரை போக வேண்டியது. அதற்கு வேண்டியது ஈரச் சேறும் விரற்கடை ஆழத் தண்ணீரும். முன்பெல்லாம் மாசி, பங்குனியில் நொய்யல் குளங்களில் தண்ணீர் வற்றி, ஓரங்களில் சேறு வெளிப்படும். புறப்படுகிற நேரத்தில் பந்தி விரித்த மாதிரி. இப்போது நகரத்துக் குளங்களில் சாக்கடை நீர் வருடம் முழுக்க வந்து விழுகிறது. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் கோவை சேர்ந்த பிறகு பெரியகுளம், வாலாங்குளம் போன்றவற்றின் கரைகளில் நடைபாதையும் விளக்கும் வந்தன. மாலையில் நடக்க நன்றாகத்தான் இருக்கிறது, நானும் நடக்கிறேன். ஆனால் சேற்று ஓரம் எங்கே? ஆழமாக நிற்கும் நீரில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் பிழைத்துக்கொள்ளும், படமும் அழகாக வரும். கொசு உள்ளான் வராமல் போனால் அதற்குத் தலைப்பு கிடையாது.

ராம்சார் பட்டியலில் ஈரோட்டு வெள்ளோடு 2022-லும் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-லும் சேர்ந்தன. அந்த உடன்படிக்கையில் நீர்ப்பறவைகளின் எண்ணிக்கை சார்ந்த அளவுகோல்கள் இரண்டு: 20,000 நீர்ப்பறவைகள், அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதம். இரண்டிலும் ‘வழக்கமாக’ என்ற சொல் இருக்கிறது. ஒருமுறை வந்துபோனது கணக்கில்லை. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் அப்படித்தான். சுமார் 30,000 பேரின் 3 கோடிப் பதிவுகள், 942 இனங்கள். அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை காக்கை, மைனா, மடையான் என்று சலிக்காமல் எழுதியவை. அதனால்தான் நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருப்பது தெரியவந்தது. நம்ம பனங்காடையின் நிலையை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்ற பரிந்துரையும் வந்தது. யாரும் அதை அரிய பறவை என்று படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

அதனால் அடுத்த பங்குனியில் அப்படி ஒரு செய்தி வந்தால், படத்தை ரசியுங்கள். ரசித்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: இது வருகிறதா, போகிறதா? போன வருடம் இதே வாரம் இங்கே என்னென்ன இருந்தன? அவற்றில் இப்போது எது இல்லை? மூன்றாவதுக்குப் பதில் சொல்ல, ஒரே குளத்துக்கு வருடக்கணக்காகப் போய் ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதியவர் யாராவது வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லைங்க. ஒரு நோட்டும், வாரத்தில் ஒரு காலையும் போதும்.