சுளுக்கல்ல, அதற்கு மேலே பாருங்கள்

பெருக்கு நேரத்தில் மலேசியாவின் கேரி தீவு நிலத்தைவிடக் கடல் உயர்ந்து நிற்கும். கரை கட்டித்தான் அங்கே செம்பனை வளர்க்கிறார்கள். மண் ஒட்டுக்களி. மழை விட்ட மாலையில் தோட்டத் திடலில் காற்பந்து ஆடுகிறவனின் பூட்ஸ் களியில் பதிந்துவிடும், உடம்பு மட்டும் திரும்பும். பாதம் வெளிப்பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

வழக்கமான சுளுக்கு வேறு. அதில் பாதம் உட்பக்கம் மடங்கி, வெளிப்புறத் தசைநார் கிழியும். பெரும்பாலும் கட்டும் பயிற்சியுமே போதும். திரும்பத் திரும்ப மடங்கும் காலுக்கு மட்டும், சுவீடனின் புரோஸ்ட்ராம் 1966இல் விளக்கிய முறையில் தசைநாரைத் தைப்பார்கள். 2023 மார்ச்சில் நெய்மார் தோஹாவில் செய்துகொண்டதும் தசைநார்ச் சீரமைப்புதான்.

களியில் நேரும் முறுக்கோ, கணுக்காலுக்கு மேலே கீழ்க்காலின் இரு எலும்புகளையும் பிணைக்கும் நாரைப் பதம்பார்க்கும். அது அறுந்தால் எலும்புகள் விலகும். மூட்டெலும்பு 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே மூட்டின் தொடுபரப்பு சராசரியாக 42 விழுக்காடு குறையும் என்று 1976இல் ராம்சியும் ஹாமில்டனும் அளந்து சொன்னார்கள். பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வருவதற்கு இது போதும்.

பழைய வழி, திருகாணி. உறுதியானது, மலிவானது. ஆனால் நடக்கும்போது அந்த எலும்புகள் சற்றே அசைய வேண்டும், திருகாணி விடாது. சில நேரம் உடையும், பலருக்கு மறு அறுவையில் கழற்றுகிறார்கள். புதிய வழி, இருபுறமும் பொத்தான் வைத்து இழுத்துக் கட்டும் வலுவான கயிறு. அசைவும் உண்டு, கழற்றும் வேலையும் பெரும்பாலும் இல்லை. அமெரிக்கக் காற்பந்து வீரர் துவா தகோவைலோவா 2018 டிசம்பர் தொடக்கத்தில் இதைச் செய்துகொண்டு அம்மாதம் 29ஆம் தேதியே ஆடினார். அவர் பின்னால் ஒரு மருத்துவப் படையே இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்!

விளையாட்டாளருக்கு என் ஓட்டு கயிற்றுக்கே. விலைதான் பல மடங்கு. காலெலும்பு மேலே நொறுங்கிக் குட்டையாகியிருந்தால் கயிறு மட்டும் தாங்காது, திருகாணியோ தகடோ வேண்டும். எதைப் போட்டாலும் எலும்பு சரியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கோணலாகக் கட்டிய கயிற்றைவிட நேராக ஏறிய திருகாணி மேல்.

தோட்டத்துப் பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். கெண்டைக்காலை இருபுறமும் அழுத்தும்போது கணுக்காலுக்கு மேலே வலித்தால், எண்ணெய் போட்டு உருவ அனுப்பாதீர்கள். பந்திங்கிலோ கிள்ளானிலோ மருத்துவரிடம் காட்டி, முடிந்தால் நிற்கவைத்தே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.