பேர், கப்பிள், யோக்

ஆங்கிலத்தின் ‘பேர்’, ‘கப்பிள்’, ‘யோக்’ மூன்றையும் ‘சோடி’ என்றே பலர் மொழிபெயர்க்கின்றனர். இது போதாது. ‘பேர்’ சமம் எனப் பொருள்படும் இலத்தீன் ‘பார்’ என்பதிலிருந்தும், ‘கப்பிள்’ பிணைப்பைக் குறிக்கும் ‘கோபுலா’விலிருந்தும் வந்தவை. வடமொழி ‘யுக’த்திற்கு உறவான ‘யோக்’, நுகத்தடியையும் அதில் பூட்டிய இரு மாடுகளையும் சேர்த்தே குறிக்கும். ஓட்டப்பிடாரக் கரிசலில் உழவு மாட்டுச் சோடி என்றால் மூன்றும் வேண்டும்: உயரம் ஒத்திருக்கணும், ஒன்றோடொன்று பழகணும், ஒரே நுகத்தில் இழுக்கணும். ஆனால் அவ்வூரில் பிறந்த வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்களான காலியா, லாவோ இரண்டையும் ‘கப்பிள் ஆஃப் ஷிப்ஸ்’ எனும்போது அங்கே எண்ணிக்கை மட்டுமே. ‘சோடிக் கப்பல்’ என்பது தவறு. கத்தரிக்கோலோ ஆங்கிலத்தில்தான் ‘பேர்’, தமிழில் ஒன்றே.