முறிந்த ஷாஃப்டின் முகம்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ லேத் பட்டறைக்குப் போனால் புது ஷாஃப்டை விட்டுவிடுங்கள். முறிந்து வந்ததைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உடைந்த முகம் குறுக்கே அறுத்ததுபோல் தட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஒரே முறுக்கில் போனது. சாக்பீஸை முறுக்கி உடைத்ததுபோல் சாய்சுருளாக இருந்தால் இரும்பு விறைத்து நொறுங்கியிருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக வளைகோடுகள் தெரிந்தால், விரிசல் எப்போதோ பிறந்து மெல்ல வளர்ந்தது.

தாங்குமா என்ற கணக்கு என்னவோ சின்னதுதான். 40 குதிரைத்திறன், டிராக்டரிலிருந்து கருவிக்குத் திறன் தரும் பி.டி.ஓ. தண்டுக்கான நிமிடத்துக்கு 540 சுற்று. முறுக்கு சுமார் 530 நியூட்டன் மீட்டர். 35 மி.மீ. உருளையின் மேல்தோலில் தகைவு 63 மெகாபாஸ்கல். சாதாரண இ.என்.8 ரக இரும்பை முறுக்குக்கு 140 வரை நம்பலாம். இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு, நிம்மதி!

அவசரப்பட வேண்டாம். பேரிங் உட்கார ஓரிடத்தில் 30 மி.மீ.க்குக் கடைந்திருந்தால் அங்கே தகைவு 100. வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போவதால், 5 மி.மீ. குறைந்ததற்கே இவ்வளவு. அந்தப் படியின் உள்மூலையைக் கூராக விட்டால் தகைவு அங்கே இன்னும் குவியும். நல்ல டர்னர் அந்த மூலையில் உளியை மெல்லத் திருப்பி ஒரு சிறு வளைவு விடுவார். விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டாது. சாவிக்கட்டை உட்காரும் காடியான கீவேயை வெட்டும்போதும் அதன் மூலைகளைக் கூராக விடமாட்டார். என் கணக்கில் அவருடைய கைத்திறனுக்கு அந்த வளைவு ஒன்றே சான்று. மேல் பளபளப்பை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம்.

நடுவே ஓட்டை போட்டால் பலம் போய்விடும் என்பார்கள். விட்டத்தில் பாதிக்குத் துளைத்தாலும் முறுக்கு வலிமையில் குறைவது 16இல் ஒரு பங்குதான். எடையிலோ கால் பங்கு குறையும். சுமையெல்லாம் மேல்தோலில்.

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பக்கம் போகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்: கரும்பு பிழியும் உருளைகள் நிமிடத்துக்குச் சில சுற்றுதான் சுற்றும். அதே திறனுக்கு வேகம் குறையக் குறைய முறுக்கு ஏறும். அங்கே தண்டு தடித்தே தீர வேண்டும்.

இத்தனை கணக்கும் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரின் கத்தி கல்லில் மோதும் நொடியைச் சேர்க்கவில்லை. அதற்குத்தான் பல வண்டிகளில் முதலில் அறுந்துபோகவென்றே ஒரு ஷியர் போல்ட். அது அடிக்கடி அறுகிறது என்று கெட்டிப் போல்ட் மாட்டாதீர்கள். அடுத்து அறுவது ஷாஃப்ட்தான்.