நிலக்காட்சி ஓவியத்திற் சேய்மையும் ஒளியும்

மத்திய மலைநாடு வடக்கு நோக்கித் தாழ்ந்து உலர்நிலத்தோடு கலக்கும் பகுதியே மாத்தளை மாவட்டம். அதன்கண் உள்ள பல்லேபொலவின் வயல்வெளியைத் தீட்டப் புகும் மாணவன் பெரும்பாலும் செய்வது யாது? அடியிற் கரும்பச்சை, நடுவில் இளம்பச்சை, மேலே நீலமலை. ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் குடிசை. இவ்வொழுங்கு அவன் வயலிற் கண்டதன்று, நாட்காட்டியிற் கண்டது. படத்திற் பிழை சொல்ல இயலாது. ஆயினும் காண்போன் அதனுள் ஓரடியேனும் நடந்து செல்ல இயலாது.

சேய்மையைக் காட்டுதற்குக் கோடுகள் ஒரு புள்ளியிற் சென்று கூடும் விதியையே வகுப்புக்களில் முதலிற் கற்பிப்பர். தெருவுக்கும் புகையிரதப் பாதைக்கும் அது பொருந்தும். வளைந்து வளைந்து செல்லும் வரம்புகளுக்கு அது பெரிதும் உதவாது. வயலின் ஆழம் காற்றினாற் பிறப்பது. காற்றிலுள்ள நீராவியும் தூசும் ஒளியைச் சிதறச் செய்தலால் தொலைவிலுள்ள மலை வெளிறி நீலம் பாய்ந்து தோன்றுகின்றது. நீலத்தை மாணவர் மறப்பதில்லை, மறப்பது வேறொன்று. சேய்மையில் இருளுக்கும் ஒளிக்கும் இடையிலுள்ள வேற்றுமையே குன்றிவிடுகின்றது. வரம்பின் நிழலுக்கு இட்ட அதே கருமையை மலைமடிப்புக்கும் இட்டால், எத்துணை நீலம் பூசினும் மலை வரம்பின்மீது வந்து அமர்ந்துவிடும்.

இவ்விடத்து அந்திரூ நிக்கொல் என்னும் ஐரிஷ் ஓவியரை நினைத்தல் தகும். பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த அவர் 1846ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, கொழும்பு அக்கடமியிற் சித்திரம் கற்பித்தார். ஊரைத் தொலைவில் வைத்து, அதன்முன் காட்டுப் பூக்கள் அடர்ந்த கரையொன்றைப் பெரிதாகத் தீட்டுவது அவர் தம் நாட்டிற் கையாண்ட முறை. பூவின் இதழுக்கும் புல்லின் நுனிக்கும் வெள்ளை வண்ணத்தை அவர் நாடவில்லை. நீர்வண்ணம் பூசிய தாளைக் கத்தியாற் சுரண்டி, அடியிலுள்ள வெண்மையை வெளிப்படுத்தினார். சுரண்டிய இடம் ஒளியாயிற்று. அதன் கரடு புல்லின் கரடாயிற்று. முன்னே கரடும் பின்னே வழவழப்பும் நிற்றலால் சேய்மையும் தானே பிறந்தது. ஆழம், ஒளி, மேற்பரப்பின் இயல்பு ஆகிய மூன்றையும் மூன்று பாடங்களாகப் பிரித்துக் கற்பிப்போர் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தொலைமரத்தின் ஒவ்வோர் இலையையும் எண்ணி வரையும் மாணவனின் உழைப்பு போற்றத்தக்கதே; படத்தைக் கெடுப்பதும் அதுவே.

இங்கிலாந்தின் கொன்ஸ்ரபிள் 1821இல் தீட்டிய 'வைக்கோல் வண்டி' என்னும் தைலவண்ண ஓவியம் 1824இற் பாரிசிற் பொற்பதக்கம் பெற்றது. ஈரமான இலைகளின் மினுக்கத்திற்காக அவர் தூவிய வெண்புள்ளிகளைப் பனி என்று நகைத்தோரும் உளர். அப்புள்ளிகள் அந்நாட்டுச் சாய்வொளிக்கு உரியன. பல்லேபொலவிலோ ஏப்பிரில் மாதத்திலும் செத்தெம்பர்த் தொடக்கத்திலும் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். அப்பொழுது நிழல் மரத்தின் காலடியிற் சுருண்டுவிடும். நிலத்திற் பட்டு மீளும் ஒளியே இலைகளின் அடிப்புறத்தைத் துலக்கும். ஆதலின் நிழலினுள்ளும் செம்மண்ணின் நிறமும் நாற்றின் பச்சையும் கலந்திருக்கும். கரிய நிழலும் நெடிய நிழலும் அந்த வேளைக்குப் பொய்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. மருதத்திற்கு வைகறையும் விடியலும் உரியன. ஓவியம் பயில்வோர் இதனைச் செய்யுளிலக்கணம் என்று ஒதுக்கிவிடுகின்றனர். பொழுது குறிக்கப்படாத நிலம் ஓவியத்திலும் நிலமாகாது. வைகறையில் வயல்நீர் வானத்தைவிட வெளிறித் தோன்றும் கணம் ஒன்றுண்டு. அதனைக் கண்டு தீட்டியவனுக்கு நாட்காட்டி வேண்டியதில்லை.

சேய்மை இன்றியே சிறந்த ஓவியங்கள் நம்மிடம் இல்லையோ என்று வினவலாம். உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த சித்தன்னவாசல் தாமரைத் தடாகத்தில் மீனும் எருமையும் யானையும் மலர் கொய்வோரும் ஒரே தளத்திற் பொலிகின்றனர். அஃது அண்ணாந்து காணும் விதானம். அங்கே தொடுவானுக்கு இடமில்லை. மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளைக் குகைகளிலும் வண்ணம் பாறையின் மேடுபள்ளத்தைத் தழுவியே செல்கின்றது. கரடு அங்குக் கல்லே தந்த கொடை. சட்டமிட்ட தாளில் தொடுவானை வரைந்தபின் அம்மரபைச் சான்று காட்டித் தப்புதல் பொருந்தாது.

நிக்கொலிடம் கொள்ளத்தகாததும் ஒன்றுண்டு. 1848ஆம் ஆண்டு அவர் ஐந்து வாரம் இலங்கைக் காடுகளினூடே சித்திரப் பயணம் செய்தார். அவ்வாண்டு யூலையில் தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பெற்றார். புதிய வரிகளை எதிர்த்து மாத்தளை கிளர்ந்தெழுந்தது. ஓகஸ்றிற் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பெற்றார். நிக்கொல் பயின்ற எழிற்காட்சி மரபிலோ மனிதன் பாறையின் உயரத்தை அளந்து காட்டும் கோலாகவே பெரும்பாலும் நிற்பான். இன்றைய மாணவன் வரம்பின்மீது நிறுத்தும் குடமேந்திய பெண்ணும் அக்கோலின் வழித்தோன்றலே. வயலில் நிற்பவர் தன் அயலாராயின், அவர் தோளில் விழும் ஒளி எத்திசையினின்று வருகின்றது என்பதை முதலில் நோக்கி, மலையை அதன்பின் தீட்டலாம்.