பழைய மென்பொருளும் பாடபேதமும்

வழக்கொழிந்த கணினியின் இயல்பைப் புதிய கணினியில் நடித்துக் காட்டும் மென்பொருளை ‘எமுலேட்டர்’ என்பர். ‘டாஸ்பாக்ஸ்’ அவ்வகையது. பழைய விளையாட்டுகளை ஆடி மகிழ்வோரே இதனை மிகுதியும் போற்றுவர். தமிழாசிரியர்க்கு இதனால் ஆவதென்ன எனின், கூறுவேன்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியது முதல் கணினித் தமிழ் பல குறியேற்றங்களைக் கண்டது. ‘திஸ்கி’ முறையில் ‘கெ’ என்பது கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகப் பதியும். அஃது அச்சுக்கோப்பாளர் வழக்கு. யூனிகோடோ ககரத்தை முன்வைத்து உயிர்க்குறியைப் பின்வைக்கும்; அது மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்ற தொல்காப்பியர் நெறிக்கு இயைந்தது. ஆகவே, பழைய கோப்பைப் புதிய குறியேற்றத்திற்கு மாற்றுதல் ஏடு பெயர்த்தெழுதுதலை ஒக்கும். அங்கே பிழை புகலாம். மூலத்தோடு ஒப்புநோக்க எமுலேட்டர் துணை செய்யும்.

எனினும் ஒரு குறை உண்டு. பழைய மென்பொருளும் எழுத்துருவும் கைவசம் இல்லையேல் எமுலேட்டர் வெற்று மேடையே. நெகிழ்வட்டின் காந்தப் பதிவோ நாளடைவில் தேயும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அந்நாளில் பள்ளி மலர்களைக் கணினியில் கோத்த ஆசிரியர்கள் தம் பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்களாக. கறையானுக்கு ஏடு கொடுத்த நாம், காலத்திற்கு வட்டையும் கொடுத்தல் தகுமோ?