ஒட்டிக்கொள்ளும் மத்திமம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். காரின் பின்சீட்டில் மூன்று புல்புல்தாராக்கள். ஒவ்வொன்றையும் பழைய போர்வையில் சுற்றி, சீட் பெல்ட்டும் போட்டிருந்தேன். வளைவு திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து ‘ணங்’ என்று ஒரு முனகல். ஏழாவது எட்டாவது வளைவுக்குள் எது முனகுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அப்பாவுடையதுதான். மற்ற இரண்டும் வாயே திறக்கவில்லை.

புதிதாக வாங்கிய மின்சாரப் புல்புல்தாராவை விமர்சிப்பதுதான் போன வேலை. ஒரு கருவியைத் தனியாக வைத்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று வேண்டும். அதனால் வீட்டிலிருந்த மூன்றையும் அள்ளிக்கொண்டு போனேன். மலைக்கு ஏன் போக வேண்டும் என்றால், சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரு மணி நேரத்தில் வெக்கையிலிருந்து பனிமூட்டத்துக்குப் போய்விடலாம். தந்திக் கருவிக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வைக்க முடியாது. அக்கா வீடு அங்கே இருப்பதும் ஒரு காரணம். சாப்பாட்டுக் கவலை இல்லை.

“என்ன மாப்ளே, மறுபடியும் டைப்ரைட்டரைத் தூக்கிட்டு வந்துட்டியா?” என்றார் மாமா. காப்பித் தோட்டத்தில் வேலை. நான் கொண்டு போகும் எந்தப் பொருளையும் முதலில் கழற்றிப் பார்க்க ஆசைப்படுவார்.

டைப்ரைட்டர் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. 1912இல் ஜப்பானின் நகோயா நகரத்தில் கோரோ மொரிதா என்பவர், தட்டச்சு இயந்திரத்தின் சாவிகளைப் போல வைத்துத்தான் இதை உருவாக்கினார். அங்கே இதன் பெயர் தைஷோகோத்தோ. இந்தியாவுக்கு வந்ததும் புல்புல் தரங் ஆகி, நம்மூரில் புல்புல்தாரா ஆனது. வடக்கே சாதாரணமாக இதை ‘பேஞ்சோ’ என்றே சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்க பேஞ்சோவுக்கும் இதற்கும் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. அது தோல் கட்டியது, இது வெறும் மரப்பெட்டி. மும்பையில் விநாயகர் ஊர்வலத்தில் ஒலிபெருக்கியில் அலறுவது இந்த பேஞ்சோதான். 2016இல் ரித்தேஷ் தேஷ்முக் நடித்து அதே பெயரில் ஒரு இந்திப் படம்கூட வந்தது. பலுசிஸ்தானில் இதைப் பெரிதாக்கி, மின்சாரம் கொடுத்து, ‘பெஞ்சு’ ஆக்கிவிட்டார்கள். உஸ்தாத் நூர் பக்ஷ் அதை வாசிப்பதைக் கேட்டால், இது குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற விளையாட்டுப் பெட்டி என்ற எண்ணம் போய்விடும். வயதான காலத்தில்தான் அவர் பெயர் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ‘ஜிங்குல்’ என்ற அவருடைய இசைத்தொகுப்பு 2022இல் வந்தது.

உள்ளே பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. சாவியை அழுத்தினால் அதன் அடியிலுள்ள தகடு தந்தியை மெட்டின் மேல் அமுக்கும். வலது கை மீட்டும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் சாவியைத் தூக்கிவிடும். சாவிகளுக்கு அப்பால் ஓடும் தந்திகள் ஷட்ஜமும் பஞ்சமுமாக நின்று தம்புரா வேலையைப் பார்க்கும். வீணை மாதிரி தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்க வழியில்லை. சாவியை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஸ்வரத்தை ஒரு இழை ஏற்றலாம், அவ்வளவுதான். வித்வான்கள் இதை மதிக்காததற்கு அதுவே காரணம். பஜனை மடங்களும் கல்யாண வீடுகளும் இதைத் தூக்கி வைத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு: ஒரே வாரத்தில் ஒரு சினிமாப் பாட்டு கைக்கு வந்துவிடும்.

முதல் பரீட்சை சுருதி. சேலத்தில் காலையில் மூன்றையும் ஒரு கட்டைக்குச் சேர்த்திருந்தேன். செல்போன் செயலியில் முள் நட்ட நடுவில் நின்றது. ஏற்காட்டில் போர்வையைப் பிரித்ததும் பார்த்தால், மூன்றிலுமே முள் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கம்பி குளிர்ந்தால் சுருங்கும், மரம் அந்த அளவுக்குச் சுருங்காது, இறுக்கம் கூடிச் சுருதி ஏறும். புதியதைச் சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கித்தாரில் இருப்பது போன்ற பல்சக்கரப் பிரடைகள், விரலாலேயே திருகலாம், திருகிய இடத்தில் நிற்கும். இரண்டாவதற்கு, அதாவது நடுவில் ஒரு ஆசையில் வாங்கியதற்கு, கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அப்பாவுடையதில் வெறும் இரும்பு முளைகள். அசல் திருகு தொலைந்து எத்தனையோ வருடம் ஆகிறது. குறடால்தான் திருக வேண்டும். ஒரு நூல் கூடினால் தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம் போனது. அதற்குள் கதவிடுக்கு வழியாக மூட்டம் அறைக்குள் வந்துவிட்டது. மறுபடி பார்த்தால் மறுபடி சாய்ந்திருந்தது. இந்தப் பரீட்சையில் பழையது தேறவில்லை என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்தது சாவிகள். புதியதில் சாவிக்கடியில் துணி ஒட்டியிருக்கிறார்கள், ‘டக் டக்’ சத்தம் இல்லை. எல்லா ஸ்பிரிங்கும் ஒரே விறைப்பு. ஒரே குறை, சாவிகள் நெருக்கமாக இருக்கின்றன. தடித்த விரல்காரர்களுக்கு ரிஷபத்தோடு காந்தாரமும் சேர்ந்து விழும். நடுவில் வாங்கியதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. நல்ல கருவிதான். எனக்கும் அதற்கும் ஒட்டவே இல்லை. ஏன் என்று எனக்கே தெரியாது.

அப்பாவுடையதில் மத்திமச் சாவி ஒட்டும். அழுத்தினால் கீழே போகும், எழும்ப ஒரு கணம் யோசிக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: மோகனம், ஹம்சத்வனி. இரண்டிலும் மத்திமமே கிடையாது. அவர் வாசித்த பாட்டில் பாதி அந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். எனக்குப் பிடித்துத் தொலைத்தது சுத்த சாவேரி. அதில் மத்திமத்தை மிதிக்காமல் பஞ்சமத்துக்குப் போகவே முடியாது. பத்து வயதில் நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். மத்திமத்தில் மட்டும் விரலைக் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துவிடுவது. சாவி தாமதமாக எழும்புவதால் ஸ்வரம் சரியான நேரத்துக்கு முடியும். இப்படி ஒன்று செய்கிறேன் என்பதையே பின்னால் மறந்துவிட்டேன்.

ஏற்காட்டில் அந்த ஒரு சாவியோடு நிற்கவில்லை. இரவு ஏழு மணிக்குமேல் எல்லாச் சாவிகளும் சோம்பிவிட்டன. காந்தாரம் மேலே வருவதற்குள் அடுத்த தாளமே வந்துவிட்டது. மாமா டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டு போய் முகர்ந்தார். “மாப்ளே, இது தேங்காய் எண்ணெய்!”

வாஸ்தவம். அப்பா ஸ்பிரிங்குகளுக்கு வருடாவருடம் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவார். நானும் விட்டு வந்தேன். சேலத்து வெயிலில் அது எண்ணெயாகவே இருக்கும். இருபத்து நான்கு டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பித்துவிடும் என்பது அக்காவின் குளியலறையில் இருக்கும் பாட்டிலுக்குத் தெரியும், எனக்குத் தோன்றவில்லை. ஐம்பது வருட எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஸ்பிரிங்குகளின் அடியில் மெழுகாகப் படிந்திருந்தது. இரும்புச் சாவிக் கருவி வைத்திருப்பவர்கள் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். அதுவும் குச்சி முனையில் தொட்டு.

ஒலி விஷயத்துக்கு வருகிறேன். புதியதில் காந்தப் பிக்அப் ஒன்று, ஒலி அளவுக்கும் தொனிக்கும் இரண்டு திருகுகள். சின்ன ஒலிபெருக்கியில் சொருகியதுமே கார்வை நீண்டு நின்றது. மீட்டி விட்டுவிட்டு ஒரு வாய் டீ குடித்தேன், பஞ்சமம் இன்னும் கரைந்துகொண்டிருந்தது. பெட்டிக் கருவியில் கேட்காத ஒன்று இது. ஆனால் பின்னணியில் ‘உர்ர்’ என்று ஓர் இரைச்சல். உலோகத் தகட்டின் மேல் கையை வைத்தால் நிற்கிறது, எடுத்தால் வருகிறது. அறையில் எர்த்திங் சரியில்லை என்று அர்த்தம். கருவி மேல் பழி போட முடியாது. ஆனாலும் கச்சேரிக்கு எடுத்துப் போகிறவர்கள் பந்தலில் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. புதியதன் பெட்டி மெலிது, தானாக ஒலிக்கச் செய்ததல்ல. ஒலிபெருக்கி இல்லாமல் கொசு பாடுவது போலிருந்தது. பழையதை எடுத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் மோகனம் வாசித்தேன். சாவி எழும்பாமல் தடுமாறினாலும் அடுப்படியிலிருந்து அக்கா “அப்பா மாதிரியே இருக்குடா” என்றாள். அப்பா இதைவிட நன்றாக வாசிப்பார். அவளுக்கும் அது தெரியும்.

கருவி மேல் வரும் பிடிப்பைப் பற்றி யோசித்தால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது இரண்டு அமெரிக்கர்களின் பண்டமாற்று. ஏர்ல் ஸ்க்ரக்ஸ், டான் ரெனோ, இருவரும் பேஞ்சோ ஜாம்பவான்கள். 1940களின் கடைசியில் தங்கள் கிப்சன் பேஞ்சோக்களை மாற்றிக்கொண்டார்கள். ரெனோவிடமிருந்து வந்த கிரனாடா பேஞ்சோ அப்போது நல்ல நிலைமையில்கூட இல்லை. ஸ்க்ரக்ஸ் 2012இல் இறக்கும்வரை அதுதான் அவருடைய அடையாளமாக இருந்தது. ரெனோவும் தனக்கு வந்ததை விடவில்லை, ‘நெல்லி’ என்று பெயரே வைத்தார். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று ரசிகர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பீட் சீகர் வேறு ரகம். தன் குரலுக்குச் சுருதி பற்றவில்லை என்று பேஞ்சோவின் கழுத்தையே மூன்று மெட்டு நீட்டிக்கொண்டார்.

நம் பக்கத்தில் மாண்டலின் ஸ்ரீனிவாஸ். நான்கு ஜோடித் தந்திகள் உள்ள மேற்கத்திய மாண்டலினில் கமகம் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். ஜோடியை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒரு தந்தியைச் சேர்த்து, மின்சாரமும் கொடுத்து அதையே கர்நாடக வாத்தியமாக்கிவிட்டார் அவர். புல்புல்தாராவுக்கு அப்படி ஒருவர் தமிழ்நாட்டில் வாய்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. பாக்கியம் பலுச்சிகளுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். குகைக்குள் சாமி, வெளியே மேசை மாதிரி பரந்த மொட்டை மைதானம், நிற்க விடாத காற்று. புதியதை மட்டும் எடுத்துப்போயிருந்தேன், பேட்டரி ஒலிபெருக்கியோடு. இருபது நிமிடம் வாசித்தேன். காற்றுக்குத் தந்தி தானாகவே ரீங்கரித்தது, சுருதி நகரவில்லை, ஜாக் லூசாகவில்லை. தூரத்தில் நின்ற பையன்கள் இருவர் கிட்டே வந்து விலை கேட்டார்கள். சில ஆயிரத்தில் கிடைக்கும், வாங்கலாம் என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்லது என் கைக்கு வந்ததில்லை.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. சுத்த சாவேரியில் ஒவ்வொரு முறையும் மத்திமம் அரைகுறையாக நறுக்கி விழுந்தது. கருவியின் கோளாறு என்று நினைத்து அந்தச் சாவியை மட்டும் பத்துப் பதினைந்து தடவை சோதித்தேன். சாவியில் ஒரு குற்றமும் இல்லை. என் விரல்தான் முன்கூட்டியே எழும்பிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்கள், மேலே ஏறிய மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடிகள். காப்பி, 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாக்காரன். வந்தவர்களையெல்லாம் இந்த மலை வைத்துக்கொண்டிருக்கிறது.

அக்கா வீட்டுத் திண்ணையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய், இரண்டு பல் துலக்கும் பிரஷ், கறுத்துப்போன துணி. நடுவில் அப்பாவின் புல்புல்தாரா, மூடி கழற்றி மாட்டியபடி பளபளத்தது. மாமா கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “எல்லாத்தையும் கழுவி மிஷின் ஆயில் போட்டுட்டேன் மாப்ளே. அந்த ஒண்ணு கோணலா இருந்துச்சு, லேசா நிமித்தினேன். இப்ப அடிச்சுப் பாரு.”

கோபப்பட முடியாது. மனிதர் அரை நாள் உட்கார்ந்து செய்திருக்கிறார். மத்திமத்தை அழுத்தினேன். விரலை எடுப்பதற்கு முன்பே எழும்பத் தயாராக விறைத்து நின்றது. “சூப்பர் மாமா” என்றேன்.

இறங்கும்போது, சேலத்தில் பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவாயில் வரும்வரை பின்சீட்டில் ஒரு முனகலும் இல்லை. மதிப்பெண் பட்டியலில் சாவிகளுக்கு நேரே பழையதற்குப் போட்டிருந்த இரண்டை அடித்துவிட்டு எட்டு போட வேண்டியதாயிற்று. சேலம் வெக்கையில் தந்திகள் தளர்ந்து, மூன்றையும் மறுபடி ஒரு கட்டைக்கு ஏற்றினேன். பழையதற்கு அரை மணி நேரம், அதில் மாற்றமில்லை. நான்கு நாளாகத் தினமும் காலையில் சுத்த சாவேரி வாசிக்கிறேன். மத்திமம் இன்னும் நறுக்கித்தான் விழுகிறது.