காற்றை இறக்குமுன்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் தடம் விசித்திரமானது. தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். வண்டி போவதோ இடுக்கி வழியாகத்தான். அதைப் பாதை என்பதே ஒரு மரியாதைக்கு. பெரும்பகுதி துருத்தி நிற்கும் கல். பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதியில் மாம்பாறைத் தடமும் ஏறக்குறைய இதே ரகம். இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆஃப்ரோடு ஆர்வலர்கள் கூசாமல் தரும் யோசனை, டயரில் காற்றை இறக்கிவிடு என்பது.

யோசனையில் உண்மை இருக்கிறது. ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். 32 பி.எஸ்.ஐ. காற்றில் டயர் தரையில் பதியும் பரப்பு, தோராயக் கணக்கில் 28 சதுர அங்குலம். 20-க்கு இறக்கினால் 44. தடம் முக்கியமாக நீளவாக்கில் வளர்கிறது. டயர் கல்லைக் கவ்வி ஏறும், சக்கரம் வீணாகச் சுழல்வது குறையும், இடுப்பெலும்பும் தப்பும். சுழலாத சக்கரம் மண்ணைப் பறிக்காது. மழையில் கரையும் மலைத்தடத்துக்கு இதுவே பெரிய உபகாரம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்களின் ‘டக்’ எனும் நீர்நில வாகனத்தில், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காற்றைக் கூட்டிக் குறைக்க வழி செய்திருந்தார்கள். ஆனால் அது கடற்கரை மணலை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு.

நம் மலையில் மணல் எங்கே? தளர்ந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்குகிறது. கூர்க்கல் கிழிப்பது அங்கேதான், அந்தக் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்டும் வேலை உதவாது. வண்டியின் அடிவயிறும் சற்றுத் தாழ்கிறது. கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழலலாம். ட்யூப் போட்ட பழைய ஜீப்பில் டயர் ரிம்மின் மேல் நழுவி வால்வையே பிய்த்துவிடும். ஆள் நிறைந்த வண்டிக்கு இந்த ஆபத்தெல்லாம் கூடுதல்; பாரம் ஏறினால் காற்றும் அதிகம் வேண்டும் என்பதை மணல்வெளிப் பாடம் படித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சேற்றிலும் விதி ஒன்றல்ல. ஆழச் சேற்றில் தளர்ந்த டயர் மிதக்கும். அடியில் கெட்டித்தரை இருக்கும் மேலோட்டமான சேறென்றால், அதை வெட்டி இறங்கும் இறுக்கமான டயரே மேல்.

ஆகவே பாரமில்லாத வண்டிக்குக் கால்பங்கு குறைக்கலாம். பயணிகள் நிறைந்த ஜீப்பில் கை வைக்க வேண்டாம். தார்ச்சாலையைத் தொட்டதும் காற்றை நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகம் எடுத்தால் டயர் சூடேறி வெடிக்கும். காற்றடிக்கும் பம்ப் இல்லாதவர் வால்வு மூடியைத் திறக்காதிருப்பதே நல்லது.